லோகோவில் நின்ற போனும் மயிலையின் நாள் கணக்கும்

அப்பாவின் போனில் அப்டேட் பொத்தானை அழுத்தியது நான்தான். நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது. அதன்பின் 13 நாட்கள் அந்தப் போன் திறக்கவில்லை. அந்த நாட்களில் பட்டதையும் தெரிந்துகொண்டதையும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. அப்பா அம்மா ஊரில் இருக்க, மாதம் ஒருமுறை போய் அவர்கள் போனைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளைகள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம்.

எங்கள் தோட்டம் காங்கேயத்துக்கும் நத்தக்காடையூருக்கும் நடுவில் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது கோவையில். சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் பல்லடம் தாண்டி காங்கேயம். ஒவ்வொரு முறை போகும்போதும் அப்பாவின் போனில் எனக்கு வேலை இருக்கும். எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், தானாக வந்து உட்கார்ந்த ஆப்களை எடுக்க வேண்டும், காஸ் புக் பண்ண வேண்டும். அன்றைக்கு அப்பா சொன்னது இதுதான்: "மூணு வாரமா என்னமோ கேட்டுட்டே இருக்குது அம்மிணி. நீ வந்தாப் பாத்துக்கலாம்னு தள்ளித் தள்ளி உட்டுட்டு வந்தேன்."

வாங்கிப் பார்த்தேன். சிஸ்டம் அப்டேட். பாதுகாப்புத் திருத்தமும் சேர்ந்தே இருந்தது. நான் என் போனுக்கு எப்படிச் செய்வேனோ அப்படியே "இப்போது நிறுவு" என்பதைத் தொட்டுவிட்டு அம்மாவுக்குத் தேங்காய் உடைத்துக் கொடுக்கப் போய்விட்டேன். சார்ஜ் 38 சதவீதம்தான் இருந்தது. இடம் எவ்வளவு மீதி என்று பார்க்கவில்லை. படங்களைக் காப்பி எடுக்கவும் இல்லை.

திரும்பி வந்து பார்த்தபோது கம்பெனிப் பெயர் திரையில் நின்றது. அதன்கீழே நான்கு புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. சுமார் 40 நொடி. பிறகு திரை இருண்டது, கையில் சின்னதாக ஒரு அதிர்வு, மறுபடியும் அதே பெயர், அதே புள்ளிகள். முதல் நாலைந்து தடவை, இப்போது வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது இறங்கி அம்மா விளக்கு வைத்தபோதும் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. மொபைல் கடைகளில் இதை "லோகோவிலேயே நிக்குது" என்பார்கள். உள்ளே ஏறப் பார்த்து, ஏற முடியாமல் விழுந்து, மறுபடி முதலிலிருந்து ஏறப் பார்க்கிறது.

அப்பா கோபப்படவில்லை. "சரி உடு கண்ணு, வெள்ளெனப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் போய்விட்டார்.

விடியற்காலை 4 மணிக்கு வாசல் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு எழுந்தேன். அப்பா டார்ச் லைட்டோடு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். அந்த வாரம் எங்கள் பக்கம் மோட்டார் ஓடத் தேவையான திரீ ஃபேஸ் கரண்ட் அந்த நேரத்துக்குத்தான் வந்தது. கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டி மூன்று வருடம் ஆகிறது. ஸ்டார்ட்டருக்குள் ஒரு சிம் இருக்கும். அப்பாவின் நம்பரிலிருந்து கூப்பிட்டால் மோட்டார் ஓடும், இன்னொரு தடவை கூப்பிட்டால் நிற்கும். பதிந்து வைத்த நம்பருக்குத்தான் அது அசையும். அதை மாட்டிய நாளிலிருந்து அப்பா கட்டிலில் இருந்தபடியே மோட்டார் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 72. இரவெல்லாம் தூறியிருந்தது, வரப்பு வழுக்கும். கிணறு வரைக்கும் அந்த டார்ச் வெளிச்சம் ஆடி ஆடிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போனில் ஒரு அப்டேட் கெட்டால் என்ன ஆகும் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

அது சீக்கிரம் தீர்ந்த பிரச்சினைதான். வீட்டில் பழைய பட்டன் போன் ஒன்று இருந்தது. ஸ்மார்ட்போனில் இருக்கும் சிம் நகக்கண் அளவு. பட்டன் போனின் பள்ளத்தில் அது நிற்காது. காங்கேயத்தில் ஒரு கடையில் அதற்கான பிளாஸ்டிக் சட்டம் வாங்கி, சிம்மை அதில் பொருத்திப் போட்டேன். நம்பர் அதேதான் என்பதால் மோட்டார் கேட்டது. யாருக்காவது இதே நிலை வந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். சிம் கெடுவதில்லை. பேச்சும், பேங்க்கிலிருந்து வரும் ஓடிபியும் உடனே திரும்பிவிடும்.

திரும்பாத விஷயம் ஒன்று இருந்தது.

அப்பா காங்கேயம் மாடு வைத்திருக்கிறார். அப்போது மூன்று பசு, இன்னும் கன்று போடாத ஒரு கிடேரி. மாட்டுக்கணக்கு எதையும் அவர் நோட்டில் எழுதுவதில்லை. போன் வந்தபின் அவரே ஒரு வழக்கம் உண்டாக்கிக்கொண்டார். மாட்டைக் காளைக்கு விட்ட அன்று அதைப் போட்டோ எடுப்பார். சினை என்று டாக்டர் உறுதி செய்தால் ஒன்று, கன்று போட்டால் ஒன்று, பூச்சி மருந்து கொடுத்தால் ஒன்று. படத்தைத் தொட்டு மேலே தள்ளினால் தேதி வரும். அந்தத் தேதிதான் அவருக்குக் கணக்கு. கன்று பிறந்ததிலிருந்து நிறம் மாறுவது வரை வரிசையாக வைத்திருப்பார். காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்மண் நிறத்தில் இருக்கும், ஆறு மாதத்துக்குள் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பழையகோட்டைச் சந்தைக்குப் போனால் அந்த வரிசையைக் காட்டித்தான் பேசுவார். "இதுக்கு ஆத்தா இது, பாத்துக்குங்க" என்று விரலால் தள்ளித் தள்ளிக் காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தக் கிடேரியின் பெயர் மயிலை. நிறமும் மயிலைதான், அதாவது சாம்பல். தலையீத்து, முதல் கன்று. நிறை சினையாகக் கட்டுத்தரையில் நின்றுகொண்டிருந்தது. பசுவுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 285 நாள். காளைக்கு விட்ட தேதி தெரிந்தால் நாலைந்து நாள் முன்பின்னாகச் சொல்லிவிடலாம். அந்தத் தேதி போனுக்குள் இருந்தது.

"சிவன்மலைத் தேருக்கு முன்னால விட்டமா, பின்னால விட்டமான்னு இப்பப் பாத்து ரோசனை வரமாட்டீங்குது கண்ணு" என்றார் அப்பா. தைப்பூசத் தேருக்கு முன்பு என்றால் நவம்பர் நடுவில் கன்று போடும். பின்பு என்றால் மாதக் கடைசி. தலையீத்து மாட்டை ராத்திரியில் தனியாக விட்டுவிட்டு எங்கேயும் போக முடியாது. தாராபுரத்தில் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு அப்பா போகவே இல்லை.

இனி நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தேன். அணைந்து மறுபடி லோகோ. பிறகு ரெகவரி மெனு. பவர் பட்டனையும் வால்யூம் மேல் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். போனுக்குப் போன் இந்தப் பட்டன் சேர்க்கை மாறும். அந்தப் பட்டியலில் தொடுதிரை வேலை செய்யாது. வால்யூம் பட்டனால் ஏறி இறங்கி, பவர் பட்டனால் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்பாவின் போனில் "கேஷ் பார்ட்டிஷனைத் துடை" என்று ஒரு வரியும், அதற்கு ஒட்டினாற்போல "டேட்டாவைத் துடை" என்று ஒரு வரியும் இருந்தன. முன்னது தற்காலிகக் கோப்புகளை மட்டும் எடுக்கும். பின்னது போனில் நம்முடையது எல்லாவற்றையும் அழித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்யூம் அழுத்தல்தான் தூரம். பதற்றத்தில் கை நடுங்கும்போது அந்தப் பக்கமே போகாதீர்கள். நான் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அழுத்தினேன். கேஷ் துடைத்தும் பலனில்லை. வெளி ஆப்களை நிறுத்திவைத்துத் திறக்கும் சேஃப் மோடுக்கும் போன் ஏறவில்லை.

காங்கேயத்தில் மொபைல் கடைத் தம்பி நல்ல பிள்ளை. பார்த்தவுடன், "சாஃப்ட்வேர் போயிருச்சுங்கக்கா. ரீசெட் போட்டா அரை மணி நேரத்துல குடுத்தர்றனுங்க" என்றார். அப்பா கேட்டார்: "அதுக்குள்ள இருக்கறதெல்லாம்?" அந்தத் தம்பி கொஞ்சம் தயங்கி, "போயிருமுங்க ஐயா" என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார்.

மறுநாள் கோவையில், அந்தக் கம்பெனியே அங்கீகரித்த சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டோக்கன் எடுத்து ஒன்றரை மணி நேரம். கவுன்ட்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தகவல் அழிந்தால் தாங்கள் பொறுப்பல்ல என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால்தான் போனை உள்ளே எடுப்பார்கள். முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ரீசெட்தான் என்றார்கள். அழிக்காமல் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று கேட்டதற்கு, அந்தப் பெண் என்மேல் உண்மையிலேயே இரக்கப்பட்டுத்தான், "பேக்கப் எடுத்திருக்கணுங்க மேடம்" என்றார். சரிதான். ஆனால் அப்டேட்டை அனுப்பியது அவர்கள். ஒரு 72 வயது மனிதருக்கு மூன்று வாரமாக அறிவிப்பை மேலே மேலே காட்டியதும் அவர்கள். அந்த அறிவிப்பில் எங்கேயாவது "முதலில் படங்களைக் காப்பி எடுங்கள்" என்று பெரிய எழுத்தில், தமிழில், ஒரு வரி இருந்திருக்கலாம். இதை நான் இன்றைக்கும் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். சில விஷயங்கள் தெளிந்தன. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-இல் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள். போனுக்குள் சிஸ்டத்துக்கு இரண்டு இடம் இருக்கும். குழம்பு கொதிக்கும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்து அடுப்பில் புதுக் குழம்பு வைப்பது மாதிரி, ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தைத் தொடாமல் அடுத்த இடத்தில் புதியது ஏறும். புதியது திறக்காவிட்டால் போன் தானாகப் பழையதற்குத் திரும்பிவிடும். ஆனால் விலை குறைந்த போன்கள் பல இந்த வசதி இல்லாமலேயே வந்தன. நான்கு வருடத்துக்கு முன் நான் வாங்கிக் கொடுத்ததும் அப்படிப்பட்டதே. ஒற்றை அடுப்பு. பழையதன் மேலேயே புதியது ஏறும்; நடுவில் கோளாறு என்றால் திரும்ப இடமில்லை.

போனைக் கழற்றிச் சிப்பிலிருந்து படங்களை எடுத்துத் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், புதிதாக வரும் எல்லாப் போனிலும் உள்ளே இருப்பது யாரும் படிக்க முடியாதபடி குறியீடாக மாற்றித்தான் (என்க்ரிப்ஷன்) சேமிக்கப்படுகிறது. அந்தப் போனே எழுந்து, சொந்தக்காரரின் பின் நம்பர் விழுந்தால்தான் அது படிக்கக் கிடைக்கும். அப்படிப்பட்ட போனில் சிப்பை மட்டும் எடுத்தால் ஒன்றும் கிடைக்காது. பணத்தையும் போனையும் கொடுத்து ஏமாறாதீர்கள்.

இன்னொன்று தெரிந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ரெகவரியிலிருந்து ரீசெட் போட்டால், திறக்கும்போது போன் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். திருட்டைத் தடுக்க 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-இல் வந்த பாதுகாப்பு அது. அப்பாவின் கணக்கு, அதற்கும் முந்தைய போன் வாங்கியபோது ஒரு கடைப்பையன் அவசரத்தில் உண்டாக்கிக் கொடுத்தது. பாஸ்வேர்டு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அன்றைக்கே ரீசெட் போட்டிருந்தால் படங்களும் போய், போனுக்குள் நுழையவும் முடியாமல் நின்றிருப்போம். உங்கள் அப்பா அம்மாவின் கூகுள் கணக்கு எது, பாஸ்வேர்டு என்ன என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். படங்கள் கூகுளில் ஏறியிருக்குமே என்றும் நினைத்தேன். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியும் எப்போதோ நிரம்பி, ஏறுவது நின்று போயிருந்தது. சொந்தக்காரர்கள் குழுவில் வரும் வீடியோக்களே அதில் பெரும்பங்கு.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்த ஒன்றல்ல என்பதும் அந்த இரவில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 2014 செப்டம்பரில் ஆப்பிள் விட்ட ஐஓஎஸ் 8.0.1, புத்தம் புதிய ஐபோன் 6 போன்களில் சிக்னலையே இல்லாமல் செய்துவிட்டது. அன்றே திரும்பப் பெற்று மறுநாள் 8.0.2 விட்டார்கள். 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். 2018-இல் இத்தாலிய அரசின் போட்டி ஆணையம், பழைய போன்களை அப்டேட்டுகள் மந்தமாக்கின என்று ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. அப்டேட் என்பது விற்றவர் நம் கையில் இருக்கும் பொருளில் செய்யும் வேலை. அது கெட்டால் அவர்களைக் கேட்கலாம் என்பதற்கு அது ஒரு முன்னுதாரணம். நம் ஊரில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கூப்பிட்டுப் புகாரைப் பதிந்தேன்.

தீர்வு வந்தது காந்திபுரத்தில் ஒரு சின்னக் கடையிலிருந்து. கூட வேலை பார்க்கும் பெண் சொல்லிப் போனேன். அங்கே இருந்த அண்ணா போனைத் திறக்கக்கூட இல்லை. மாடலைப் பார்த்துவிட்டு, "இந்த மாடல்லயே இந்த வாரம் எனக்கு நாலு வந்திருச்சுங்க. அப்டேட்டையே நிறுத்திட்டாங்க போல. திருத்தி மறுபடியும் விடுவாங்க. அதுவரைக்கும் ரெகவரிக்குப் போயி பவர் ஆஃப் குடுத்து வெச்சிருங்க. ஓட உடாதீங்க. ரீசெட்டு மட்டும் யார் சொன்னாலும் போட்றாதீங்க" என்றார். இது தோன்றாமல் போயிற்றே என்று இருந்தது. அப்டேட்டை எல்லாருக்கும் ஒரே நாளில் விடுவதில்லை. கொஞ்சம் பேருக்கு விட்டுப் பார்த்து, பிறகு பரப்புகிறார்கள். அதனால்தான் வந்தவுடன் போடாமல் இரண்டு வாரம் பொறுப்பது நல்லது. அப்பா மூன்று வாரம் பொறுத்திருந்தும் மாட்டியது எங்கள் நேரம். அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்றும் இருக்க முடியாது. பேங்க் ஆப் இருக்கும் போனில் பாதுகாப்புத் திருத்தம் ஏறாமல் விடுவது கதவைத் திறந்து போட்டுத் தூங்குகிற மாதிரி.

நவம்பர் 15, சனிக்கிழமை அந்த அண்ணா கூப்பிட்டார். திருத்திய முழு சிஸ்டம் கம்பெனியின் தளத்திலேயே வந்திருந்தது. அதை மெமரி கார்டில் ஏற்றி, போனில் போட்டு, ரெகவரியில் "மெமரி கார்டிலிருந்து அப்டேட்" என்ற வரியைத் தேர்ந்தெடுத்தார். இது டேட்டாவைத் தொடாது, சிஸ்டத்தை மட்டும் மாற்றி வைக்கும். 50, 60, 80 என்று எண் ஏறியது. லோகோ. புள்ளிகள். 40 நொடி தாண்டியது. ஒரு நிமிடம் தாண்டியது. பிறகு பூட்டுத் திரையில் மயிலையின் முகம் வந்தது. கிளுவை வேலிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் அப்பா எடுத்த படம்.

அங்கேயே லேப்டாப்பில் கேபிள் போட்டு எல்லாப் படத்தையும் இறக்கினேன். இடம் 2 ஜிபிதான் மீதி இருந்தது. 500 ரூபாய் கேட்டார்; கொடுத்துவிட்டு நேராக சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு.

தோட்டத்தில் அப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படங்களைத் தள்ளித் தள்ளித் தேடினார். கிடைத்தது. பிப்ரவரி 6. தேருக்கு முன்னால்தான். நாள்காட்டியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எண்ணினோம். 285-ஆவது நாள் நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. அப்பா எழுந்துபோய் மயிலையின் மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். "திங்கக்கெழம ராத்திரி தாண்டாது" என்றார்.

நான் லீவு சொல்லிவிட்டு இருந்துகொண்டேன். திங்கட்கிழமை ராத்திரி 2 மணிக்கு மேல் மயிலை படுத்து எழுந்து படுத்து எழுந்து நின்றது. அப்பா வைக்கோலைப் பரப்பிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். 3.20-க்குக் கிடேரிக் கன்று. செம்மண் நிறம். மயிலை அதை நக்கிக்கொண்டே இருந்தது. அப்பா பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, ஒரு கையால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்தார். அப்புறம் திண்ணைக்கு வந்து தினசரிக் காலண்டரில் 18-ஆம் தேதித் தாளைக் கிழிக்காமல் மடித்து, அதன் பின்பக்கம் பென்சிலால் எழுதினார்: மயிலை, கிடேரி, விடிய 3.20.

போன வாரம் மறுபடியும் ஒரு அப்டேட் அறிவிப்பு வந்திருக்கிறது. "கேக்குது பாரு அம்மிணி" என்று போனை நீட்டினார். சார்ஜர் போட்டேன். கேபிளை எடுத்து லேப்டாப்பில் செருகினேன். 4,100 சொச்சம் படங்கள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.